வேலையிடத்தில் வயரில்லாத ஹெட்போன்: வாங்குமுன் அறிய வேண்டியவை



பிரஷர், சீனி, கொலஸ்ரரோல் எல்லாம் பேசி முடித்து, மருந்துச்சீட்டையும் வாங்கிக்கொண்டு எழும்பும்போது எம்மிடம் வருபவர்கள் அண்மைக்காலமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், வேலையிலை பாட்டுக் கேக்க வயரில்லாத ஹெட்போன் வாங்கப்போறன், எது நல்லது?" இளைஞர்கள் மட்டும் இதைக் கேட்பதில்லை. முப்பது வருடமாகச் சமையலறையில் நிற்கும் ஐயாவும் கேட்கிறார். விடியப்புறம் நாலு மணிக்கு அலுவலகம் துப்பரவாக்கப் போகும் அம்மாவும் கேட்கிறார். எந்தக் கொம்பனி என்று சொல்வதற்கு நாம் கடை வைத்திருக்கவில்லை. ஆனால் எப்படிப்பட்டதை, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பது வைத்தியத்தோடு சம்பந்தப்பட்ட கேள்விதான். ஆகவே இம்முறை அதைப் பார்ப்போம்.

வேலை செய்துகொண்டே எதையாவது கேட்பது எம்மவருக்குப் புதிய பழக்கம் அல்ல. எண்பதுகளில் இங்கு வந்தவர்கள் வோக்மனில் கசெற் போட்டுக் கேட்டார்கள். சிற்றலை வானொலியில் பிபிசி தமிழோசைக்காக நேரம் பார்த்துக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றுபோனது. இப்போது வானொலி, செய்தி, பாட்டு, ஊரிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. யன்னல் இல்லாத நிலக்கீழ்ச் சமையலறையில் ஒன்பது பத்து மணித்தியாலம் கோப்பை கழுவும் ஒருவருக்குத் தன் மொழியில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருப்பது மனதுக்கு நல்லது என்பதே எமது கருத்து. எனவே ஹெட்போனே வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை.

காது எவ்வளவு தாங்கும்?

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட சிறிய உறுப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்பு விளங்கிக்கொள்ளும் சைகையாக மாற்றுபவை இவைதான். தோல் கிழிந்தால் ஆறும், எலும்பு முறிந்தால் பொருந்தும். மனிதரில் இந்த மயிர்க்கலம் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதற்கு மருந்தும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை.

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். இது கடைக்கணக்குப் போல் அல்ல. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் சக்தி இரட்டிப்பாகிவிடும். ஆகவே காது தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 83 ஆனால் 20 மணித்தியாலம். 86 ஆனால் 10 மணித்தியாலம். 90இல் வாரம் முழுவதற்கும் 4 மணித்தியாலம், 100இல் 20 நிமிடம் மட்டுமே. இப்போது எம்மவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம், வாரத்தில் ஆறு நாள் என்றால் 54 மணித்தியாலம். 86 டெசிபலில் கேட்பவர் திங்கட்கிழமை வேலையை முடித்து, செவ்வாய்க்கிழமை முதல் மணித்தியாலத்திலேயே அந்த வாரத்துக்குரிய பங்கைத் தீர்த்துவிடுகிறார். மிகுதி நாட்களில் கேட்பதெல்லாம் கடன்.

"நான் அவ்வளவு சத்தமாய் வைக்கிறேல்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டிலே உண்மை. வேலையிடத்தில் அப்படி இல்லை. புகையை இழுக்கும் விசிறி, கோப்பை கழுவும் இயந்திரம், சட்டி பானை, "சேர்விஸ்" நேரக் கூப்பாடு எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் கை தன்பாட்டில் சத்தத்தைக் கூட்டிவிடும். சூழலின் சத்தம் ஏற்கெனவே 80ஐ அண்மித்திருந்தால் ஹெட்போன் அதையும் தாண்டித்தான் பாட வேண்டும். இதுதான் முழு விடயத்தின் முடிச்சு. விலை கூடியதா குறைந்ததா என்பது இரண்டாம் கேள்வி. நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு சத்தம் என்பதே முதற்கேள்வி.

அதை அறிவதற்கு ஒரு எளிய வழி சொல்கிறோம். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தித்தான் கதைக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் 80 முதல் 85 வரை இருக்கக்கூடும். கைத்தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலிகளும் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் இலவசமாகத் தரும் செயலியைப் பாவிக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் எந்த ஹெட்போனும் நல்ல ஹெட்போன் அல்ல. பாட்டை மரக்கறி வெட்டும் நேரத்துக்கு, இயந்திரம் போடாத காலைப் பொழுதுக்கு வைத்துக்கொண்டு, "சேர்விஸ்" தொடங்கியதும் கழற்றிவிடுவதுதான் வழி.

ஒரு காதில் மட்டும் போடுபவர்களுக்கு

தொப்பிக்குக் கீழே ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டு வேலை செய்பவர்கள் பலர். சமையல்காரர் கூப்பிடுவது கேட்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், நியாயமானதும்கூட. ஆனால் இரண்டு காதாலும் கேட்கும் ஒலி எமக்குச் சத்தமாகத் தோன்றும். ஒரு காதால் கேட்டால் அதே ஒலி குறைவாகத் தோன்றும், அதனால் இன்னும் கூட்டுவோம். அதோடு ஸ்ரீரியோப் பாட்டில் ஒரு பாதி ஒரு பக்கத்திலும் மறு பாதி மற்றப் பக்கத்திலும் வருவதால், பாட்டு முழுதாகக் கேட்காமலும் கூட்டுவோம். கைத்தொலைபேசியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளுக்குள் "மோனோ" என்றொரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் முழுப் பாட்டும் ஒரே காதுக்கு வரும். காதை மாற்றி மாற்றிப் போடுங்கள். எப்போதும் வலது காதிலேயே போட்டால் வலது காதுதான் முதலில் தேயும்.

காயப்பட்டு வந்த காதுகள்

இதைப் பிரெஞ்சு சுகாதாரக் கையேடுகளில் காண முடியாது. ஆகவே நாம்தான் எழுத வேண்டும். எம்மவரில் பலர் இந்த நாட்டுக்கு வரும்போதே காயப்பட்ட காதுகளோடு வந்தவர்கள். ஷெல் வீழ்ந்து வெடித்த இடத்துக்குக் கிட்ட நின்றவர்கள், விமானக் குண்டுவீச்சின்போது பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள், 2009இன் கடைசி மாதங்களை வன்னியில் கழித்தவர்கள் இவர்களில் அடக்கம். வெடியதிர்வு செவிப்பறையைக் கிழிக்கலாம். கிழிந்த பறை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். உட்காதின் மயிர்க்கலங்களுக்கு நேர்ந்த சேதம் அப்படி மூடுவதில்லை. உயிர் தப்பியதே பெரிது என்ற நிலையில் அன்று யாரும் காதைப் பற்றி யோசிக்கவில்லை. இங்கு வந்த பிறகும் காலில் இருக்கும் சன்னத்தைக் காட்டுவார்கள், காதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். கேட்டால்தான் "ஓம், அண்டையிலிருந்து ஒரு இரைச்சல் இருக்கு" என்பார்கள்.

இப்படியான காதுக்கு மேலே சொன்ன அளவுகளும் கூடுதலாக இருக்கக்கூடும். ஏற்கெனவே இருப்புக் குறைந்த கணக்கிலிருந்து எடுக்கிறோம் அல்லவா? ஆகவே வெடிச்சத்தத்துக்கு உட்பட்டவர்கள், காதில் இரைச்சல் உள்ளவர்கள், ஹெட்போன் வாங்குமுன் ஒருமுறை செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போகலாம். இரைச்சலை மறைக்க இரவு முழுவதும் காதுக்குள் இயர்போன் செருகிக்கொண்டு படுப்பவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய ஒலி உதவும் என்பது சரி. ஆனால் அது தலைமாட்டில் வைத்த சிறு ஒலிபெருக்கியிலிருந்து, இரைச்சலைவிடக் குறைந்த அளவில் வந்தால் போதும்.

செவிப்புலன் குறைவதை எப்படி அறிவது? எல்லாமே கேட்காமற் போவதில்லை. சத்தத்தால் வரும் குறைபாடு முதலில் உயர்ந்த சுருதிகளைத்தான் பிடிக்கிறது. எமது மொழியில் உயிரெழுத்தின் ஒலி தாழ்ந்த சுருதியில் பலமாக இருக்கும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் மெல்லியவை. ஆகவே கடை, சடை, தடை, படை நான்கும் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும். "சத்தம் கேக்குது டொக்டர், சொல்லு விளங்கேல்லை" என்று ஒருவர் சொன்னால் எமக்கு மேலே விளக்கம் தேவையில்லை. பேரப்பிள்ளையின் மெல்லிய குரலும், ரெலிபோனில் அம்மா சொல்வதும்தான் முதலில் நழுவிப்போகும்.

எதைத் தெரிவு செய்வது?

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிரெஞ்சில் "கஸ்க் அந்தி-புறுய்" என்று இரண்டு வெவ்வேறு பொருட்களைச் சொல்கிறார்கள். ஒன்று தொழிலாளர் அணியும் காதுப் பாதுகாப்பு. இதன் பெட்டியில் ஈ.என். 352 என்ற தர எண்ணும், எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற எஸ்.என்.ஆர். எண்ணும் இருக்கும். மற்றது பாட்டுக் கேட்கும் ஹெட்போன். இது வெளிச்சத்தத்தைச் சிறு மைக்கால் வாங்கி, அதற்கு நேர் எதிரான ஒலியலையை உண்டாக்கி அதை அழிக்கிறது. விசிறி, ரயில், மோட்டார் போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த உறுமலை இது நன்றாகக் குறைக்கும். கோப்பைகள் மோதும் சத்தத்தையோ மனிதக் குரலையோ அந்தளவு குறைக்காது. சி.ஈ. முத்திரை இரண்டிலும் இருக்கும், அதை வைத்து ஏமாறக்கூடாது. கட்டட வேலைக்கும் பட்டறைக்கும் முதலாவது வகைதான் தேவை. அந்த வகையிலேயே புளூரூத் சேர்ந்தவையும், உள்ளே வரும் பாட்டின் அளவைக் கட்டுப்படுத்துபவையும் விற்பனையில் உள்ளன. விலை கூட. முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் சத்தத்தை அழிக்கும் அந்த இரண்டாவது வகை யாருக்கு? எம்மவர் பலர் சார்செல், லா கூர்னவ், பொந்தி போன்ற புறநகர்களிலிருந்து ஆர்.ஈ.ஆர். ரயிலில் கார் து நோர் பக்கம் வந்து போகிறார்கள். அந்தப் பயண நேரத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ரயிலின் உறுமல் குறைவதால் பாட்டைத் தாழ்த்தி வைத்தே கேட்கலாம். ஆனால் சமையலறையிலும் களஞ்சியத்திலும் அதைப் போட்டு வெளியுலகத்தை அடைத்துவிடுவது ஆபத்து. பின்னால் கொதியெண்ணெயோடு வருபவர் "ஷோ!" என்று கத்துவதும், பின்னோக்கி வரும் வாகனத்தின் பீப் ஒலியும், தீ அலாரமும் காதில் விழ வேண்டும். வெளியொலியை உள்ளே விடும் முறை சிலவற்றில் இருக்கிறது. வேலையிடத்துக்கென்று வாங்குபவர்கள் அது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அமைதியான இடத்தில், அதாவது யாருமில்லாத அலுவலகத்தைத் துப்பரவாக்குபவர்கள், பொதி கட்டுபவர்கள், கணினி முன்னால் இருப்பவர்கள், காதை அடைக்காத திறந்த வகையை எடுப்பது நல்லது. கன்ன எலும்பில் பொருந்தி எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகையும் உண்டு. காதுத்துவாரம் திறந்தே இருப்பதால் வியர்வை, கடி, அழற்சி குறைவு. ஆனால் "எலும்பு வழியாகத்தானே போகுது, காதுக்கு ஒன்றும் ஆகாது" என்று கடைகளில் சொல்வதை நம்பவேண்டாம். ஒலி போய்ச் சேரும் இடம் அதே நத்தைக்கூடுதான்.

காதுக்குள் செருகும் வகை மலிவு, சிறிது, தொப்பிக்குள் மறையும். ஆகவே அதிகம் விற்கிறது. சூடும் ஈரமும் உள்ள சமையலறையில் அது காதுத்துவாரத்தை நாள் முழுவதும் அடைத்து வைத்திருக்கும். வியர்வை தேங்கும், தோல் ஊறும், கிருமியும் பூஞ்சணமும் பிடிக்கும். குறும்பியையும் உள்ளே தள்ளும். பிறகு கடிக்குது என்று கோழிச்சிறகு, கொண்டை ஊசி, மோட்டார் சைக்கிள் திறப்பு எல்லாம் காதுக்குள் போகும். நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சி விடுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பறையில் ஓட்டை உள்ள காதுக்கு அது கேடு. சலரோகம் உள்ளவர்கள் இதில் விசேடமாகக் கவனமெடுக்க வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாத, வயது சென்ற ஒருவருக்குக் காதுத்துவார அழற்சி எலும்பு வரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இரவில் தூங்கவிடாத காதுவலியும், காதிலிருந்து நீர் வடிதலும் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். செருகும் வகையைத்தான் பாவிப்பேன் என்பவர்கள் இறப்பர் முனையைத் தினமும் துடைத்துக் காயவிடுங்கள். யாருடனும் மாற்றிப் பாவிக்காதீர்கள். தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 4 அல்லது அதற்கு மேற்பட்டதாகப் பாருங்கள். அது கழன்று குழம்புச் சட்டிக்குள் விழுந்த கதைகளும் எமக்குத் தெரியும், அவை இந்தப் பக்கத்துக்குரியவை அல்ல!

மற்றவை சில்லறை விடயங்கள். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் ஹெட்போன்களில் சார்ஜ் ஏற்றும் துளை யு.எஸ்.பி-சி வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய சரக்கை மலிவு என்று தலையில் கட்டுவார்கள், பாருங்கள். தெருவோரத்தில் விற்கும் போலிகளை வாங்காதீர்கள். பிரான்சில் 1996இல் வந்த சட்டம் கையடக்க இசைக்கருவிகளின் உச்ச ஒலியை 100 டெசிபலுக்குக் கட்டுப்படுத்துகிறது. போலியில் அந்தக் கட்டுப்பாடு இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை, பற்றறிக்கும் பொறுப்பில்லை. ரசீதோடு வாங்கினால் இரண்டு வருட சட்டரீதியான உத்தரவாதம் உண்டு. வாங்கியதும் கைத்தொலைபேசியில் உச்ச ஒலியைப் பூட்டி வையுங்கள். முழு அளவில் 60 வீதத்துக்கு மேல் போகாதிருப்பது நல்லது.

புளூரூத் கதிர்வீச்சால் மூளையில் புற்றுநோய் வருமா என்ற கேள்வியும் தவறாமல் வரும். கைத்தொலைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துக் கதைப்பதைவிட இதன் சக்தி பல மடங்கு குறைவு. பெரும்பாலும் சில மில்லிவாற்றுகள்தான். 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் ரேடியோ அலைகளைப் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2பி வகுப்பில் வைத்தது உண்மை. அதே வகுப்பில் கிழக்காசிய முறையில் ஊறவைத்த மரக்கறியும் இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பயந்து சத்தத்தை மறந்துவிடுவதுதான் எமக்குக் கவலை.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையில் ஹெட்போன் போடுவதைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் இல்லை. ஆனால் பாதுகாப்புக்காக முதலாளி தடைசெய்யலாம், செய்தால் கேட்கத்தான் வேண்டும். மறுபக்கம் முதலாளிக்கும் கடமை உண்டு. 2006 ஜூலை மாத ஆணைப்படி, எட்டு மணித்தியால வேலைநாளின் சராசரிச் சத்தம் 80 டெசிபலைத் தாண்டினால் காதுப் பாதுகாப்பு வழங்க வேண்டும். 85ஐ எட்டினால் அதை அணிவது கட்டாயம். தொழில்சார் வைத்தியரை நீங்களாகவே கேட்டுச் சந்திக்கலாம். உங்கள் நோய் விபரத்தை அவர் முதலாளிக்குச் சொல்ல முடியாது. சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை தொழில்நோய் அட்டவணை 42இல் இருக்கிறது. ஆனால் அதன் வேலைப்பட்டியல் பெரும்பாலும் உலோகம், மரம், நெசவு, கட்டடம் சார்ந்தது. உணவகச் சமையலறை அதில் இல்லை. போன காதுக்கு நட்டஈடு கேட்டு நிற்பது எம்மவருக்கு லேசான வழியாக இராது.

விநியோக வேலை செய்யும் தம்பிமார் கவனிக்க: 2015 ஜூலை 1 முதல் வாகனம் ஓட்டும்போது காதுக்குள் எந்த ஒலிக்கருவியும் வைத்திருக்கக்கூடாது. ஒரு காது என்றாலும் குற்றம்தான், சைக்கிள் என்றாலும் குற்றம்தான். தண்டப்பணம் 135 யூரோ, மோட்டார் வாகனம் என்றால் சாரதிப் பத்திரத்தில் 3 புள்ளிகளும் போகும். செவிப்புலன் கருவி மட்டும் விதிவிலக்கு.

வேலை முடிந்து வெளியே வந்த பின்னும் காது அடைத்தாற்போல் இருந்தால், அல்லது கூவென்று இரைந்தால், அன்று காது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். அடுத்த நாள் முழுவதும் ஓய்வு கொடுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று, ஒரு சில மணித்தியாலத்துக்குள் கேட்காமற் போனால் அது வேறு விடயம். குறும்பி என்று நினைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். திடீர்ச் செவிடு என்பது அவசர நோய், முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன். கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் லாரிபுவாசியேர் வைத்தியசாலையில் காது மூக்குத் தொண்டைக்கென்று தனியான அவசரப் பிரிவு இருக்கிறது. அங்கே நேரே போகலாம்.

செவிப்புலன் கருவி தேவை என்று சொல்லப்பட்டவர்கள் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. 2021 ஜனவரி முதல், முதலாம் வகுப்புக் கருவிகளுக்கு செக்கியூரிற்றே சோசியாலும் மியூச்சுவெலும் சேர்ந்து முழுப்பணத்தையும் கொடுக்கின்றன. நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் முடியும். இப்போது வரும் பல கருவிகளில் புளூரூத்தும் உண்டு. வானொலியும் ஊர் அழைப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாக ஹெட்போன் வாங்கும் தேவையும் இல்லை.